அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேம்மா

1

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த மாதக் கடைசியோடு எங்கள் வேலையின் பெயர் மாறுகிறதாம். 'எஸ்கார்ட்' என்ற சொல் இனி எந்தத் தாளிலும் இருக்காது. 'பாசஞ்சர் அசிஸ்டன்ட்' என்றுதான் எழுத வேண்டும், யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். கழுத்தில் மாட்டுகிற பழைய அடையாள அட்டைகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சொல்லால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் கடிதத்தை மடித்து வைத்ததும் பயம்தான் வந்தது. காரணம் இரண்டு. என் பெயரில் இரண்டு அட்டைகள் பதிவாகியிருக்கின்றன. அதில் ஒன்று என்னிடம் இல்லை, மம்சாபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறது. அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். இன்னொரு காரணம்தான் பெரியது. வருகிற வியாழக்கிழமை அம்மா வருகிறாள், தனியாக.

போன சித்திரையில் அவள் முதல் முறை வந்தபோது, அந்த ஒரு சொல்லால் அவளை விமான நிலையத்தில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நான் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறையும் அதே மேசை, அதே கேள்விதான். 'உங்கள் மகளுக்கு என்ன வேலை?' என்று கேட்டால் அவள் என்ன சொல்லப் போகிறாள்?

ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாகத் தெரியலாம். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மம்சாபுரத்துக்காரி. ராஜபாளையத்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. படிப்பு பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாவது முயற்சியில். என் இங்கிலீஷ் எல்லாம் பஸ்ஸிலும் கடையிலும் அடுத்தவர் வாயைப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தது. அதனால்தானோ என்னவோ, ஒரு சொல்லைக் கேட்டால் அதை வாயில் போட்டு உருட்டிப் பார்க்காமல் எனக்கு ஆகாது.

காலை ஏழே காலுக்கு ஒரு வெள்ளை மினிபஸ் என் தெருமுனைக்கு வரும். ஓட்டுகிறவர் பெயர் பேரி. மனைவி கட்டிக் கொடுத்த ரொட்டியை எட்டு மணிக்குள் தின்று முடித்துவிட்டு, மத்தியானம் வரை பசிக்கிறது என்று புலம்பும் மனிதர். வழியில் ஆறு பிள்ளைகள் ஏறுவார்கள். ஒருவருக்கு நடை வராது, ஒருவருக்குப் பேச்சு வராது, ஒருவருக்குச் சத்தம் ஆகாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் இறங்கிப் பிள்ளையைக் கைப்பிடித்து ஏற்றி, பெல்ட் மாட்டி, அவர்களுக்கென்று இருக்கிற சிறப்புப் பள்ளியில் டீச்சர் கையில் ஒப்படைக்க வேண்டும். சாயங்காலம் அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இதற்குத்தான் எஸ்கார்ட் என்று பெயர்.

மெகன் என்று ஒரு பெண், ஒன்பது வயது. பேசமாட்டாள். என் கையை முழுதாகக் கொடுத்தால் உதறிவிடுவாள். நடுவிரல், மோதிரவிரல் இரண்டையும் மட்டும் நீட்ட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டால் பூமியின் விளிம்பு வரை கூட வருவாள்.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி தந்த அம்மாள் முதல் விதியைப் பலகையில் எழுதினார்: பிள்ளையை வாங்கிக்கொள்கிறவர் முகத்தைக் கண்ணால் பார்க்காமல் பிள்ளையின் கையை விடக் கூடாது. நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். எங்கள் அம்மா சொல்வதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "கொண்டு விட்டவ, வாங்கினவ மூஞ்சியைப் பாக்காமத் திரும்பக் கூடாது." அந்த அம்மாள் அதையும் பலகையில் எழுதிக்கொண்டார். மம்சாபுரத்து வாக்கு இங்கே பலகை ஏறியது அன்றுதான்.

3

எஸ்கார்ட் என்ற சொல்லை நான் இங்கே வந்து படிக்கவில்லை. எங்கள் வீட்டில் உப்பு புளியைப் போலப் புழங்கிய சொல் அது.

அப்பா ஆயுதப்படையில் ஏட்டு. அவர் பார்த்த வேலையில் முக்கால்வாசி எஸ்கார்ட் டூட்டிதான். மதுரை ஜெயிலிலிருந்து விசாரணைக் கைதிகளை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கூட்டி வர வேண்டும். வாய்தா முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "அப்பா எங்கட்டி?" என்று தெருவில் யாராவது கேட்டால், "எஸ்கார்ட்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அம்மாவை மம்சாபுரமே ஏட்டம்மா என்றுதான் கூப்பிடும். அவளுடைய சொந்தப் பெயர் ரத்தினம்மாள் என்பது ரேஷன் கார்டுக்கும் சபைப் பதிவேட்டுக்கும்தான் தெரியும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மம்சாபுரம் பஸ்ஸுக்கு நின்றேன். சிமென்ட் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு ஆள். இரண்டு பேரும் கைகோத்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கோத்த கைகளின் மேல் ஒரு துண்டு கிடந்தது. துண்டுக்குக் கீழே விலங்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. "அப்பா!" என்று ஓடினேன். அப்பா என்னைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒல்லி ஆள்தான் பேசினான். "ஏட்டய்யா, ஒங்க மவளா? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். நீங்க பேசுங்க."

"சும்மா இருலே. டூட்டில இருக்கேன்."

அவன் மடியிலிருந்து ஒரு கை வேர்க்கடலையை எடுத்து என் பக்கம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். அப்பா அதைத் தடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவள், அடுப்பைத் தணிக்காமலே சொன்னாள்: "டூட்டில இருக்கையில அவரு ஒனக்கு அப்பா இல்லட்டி. அவனுக்குத்தான் அப்பா. அவனைக் கொண்டு சேத்துட்டு வந்தப் பொறவு ஒனக்கு."

அப்பாவுக்கும் ஒரு வாக்கு உண்டு. "ஓடுறவனுக்கு ரெண்டு காலு. கூடப் போறவனுக்கு ஒடம்பெல்லாம் கண்ணு." அவர் சர்வீசில் ஒரு ஆள்கூடத் தப்பி ஓடியதில்லை. அதை அம்மா, மற்ற வீடுகளில் பவுன் கணக்குச் சொல்வது போல, கல்யாண வீடுகளில் சொல்வாள்.

ஒன்பது வருடம் முன்னால் எனக்கு இந்த வேலை கிடைத்ததும் ஊருக்குப் போன் போட்டேன்.

"என்ன வேலைட்டி?"

"பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறதும்மா. எஸ்கார்ட்னு பேரு."

அவள் கூவியது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். "ஏங்க, இங்க வாங்க! ஒங்க மவளுக்கு ஒங்க வேலையே கெடச்சிருக்கு!"

அப்பா போனை வாங்கினார். "யூனிபாரம் உண்டா?"

"மஞ்சள் ஜாக்கெட் ஒண்ணு தாராங்கப்பா."

"லத்தி?"

"இல்லப்பா."

"பொறவு என்னத்த எஸ்கார்ட்டு!" என்று சிரித்தார். ஆனால் மறுநாளே சபையில் எழுந்து, மகளுக்கு வேலை கிடைத்ததைச் சாட்சியாகச் சொன்னாராம். அப்பா காலமாகி நான்கு வருடம் ஆகிறது.

4

அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் இருப்பதை எனக்குச் சொன்னது என் மகள் ஷீபா. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. இங்கே பிறந்தவள். தமிழைக் காதால் வாங்கி இங்கிலீஷில் திருப்பிக் கொடுப்பாள். அவளுடைய பள்ளியில் பெற்றோர் கூட்டம். டீச்சர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். "ஐ ஆம் அன் எஸ்கார்ட்" என்றேன், அப்பாவின் நிமிர்வோடு. டீச்சரின் பேனா அப்படியே நின்றது. ஷீபா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

திரும்பும் வழியில் காரின் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா, இனிமே நீ அந்த மாதிரி சொல்லக் கூடாது. ஸ்கூல் பஸ்ஸுன்னு முதல்ல சொல்லணும்."

"ஏன்?"

"சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது."

வற்புறுத்திக் கேட்டதும் இங்கிலீஷில் கடகடவென்று சொல்லிவிட்டுக் காதில் ஒயரைச் செருகிக்கொண்டாள். காசு வாங்கிக்கொண்டு ஆண்களுக்குத் துணை போகிற பெண்களுக்கும் இங்கே அதுதான் பெயராம். வெறும் துணை மட்டும் இல்லையாம். மந்திரிக்கு முன்னால் சைரன் போட்டு ஓடுகிற வண்டிக்கும் அதே சொல், கைதிக்கும் அதே சொல், மெகனுக்கும் அதே சொல், அதற்கும் அதே சொல். அன்றிலிருந்து, நான் கொண்டு விடுகிற நாட்களில் எல்லாம், ஷீபா பள்ளி வாசலுக்கு இரண்டு தெரு முன்பே இறங்கிக்கொண்டாள். "நானே போயிப்பேன். நீ என்னைக் கொண்டு விட வேண்டாம்." ஊரார் பிள்ளைகளையெல்லாம் வாசல்வரை கொண்டு விடுகிறவளுக்குத் தன் பிள்ளையை விட வழியில்லாமல் போனது.

நம் பேச்சில் இந்தச் சங்கடம் இல்லை என்று எனக்குத் தோன்றும். பெரியவர்கள் என்றால் அழைத்து வருவோம். பிள்ளை என்றால் கூட்டி வருவோம். கல்யாணம் முடிந்த பெண்ணைக் கொண்டு விடுவோம். கைதியைக் கொண்டு வருவோம். செண்பகத்தோப்புக்கு மேலே காட்டுக்குள் போக வேண்டுமானால் வனத்துறை ஆள் துணைக்கு வருவார். யார், எங்கே, எதற்கு என்பதெல்லாம் வினைச்சொல்லிலேயே வந்துவிடும். இங்கிலீஷ்காரர்கள்தான் எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டு, இறங்கும்போது யார் யார் என்று தடுமாறுகிறார்கள்.

தமிழ் அவ்வளவு சுத்தம் என்று நான் பெருமை பேசவும் முடியாது. 'கூடப் போறவ' என்பதைக் குரலை இறக்கிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

என் பயமெல்லாம் ஊரைப் பற்றித்தான். அம்மா கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், "எம் மவ சீமையில எஸ்கார்ட்டு டூட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுந்தரபாண்டியத்தில் என் மதினி மகன் டேவிட் இருக்கிறான். எப்போதும் போனைத் தடவிக்கொண்டிருப்பவன். ஒருநாள் எனக்குச் செய்தி அனுப்பினான்: "அத்தை, நீங்க எஸ்தரா, எஸ்கார்ட்டா? நெட்ல வேற என்னமோ வருது." கீழே பல்லைக் காட்டும் மூன்று மஞ்சள் முகங்கள். அவன் ஊரில் எத்தனை பேரிடம் அந்தப் பல்லைக் காட்டினானோ.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவளிடம், அவர் முப்பது வருடம் செய்த வேலையின் பெயருக்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டு என்று எந்த வாயால் சொல்வது? இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது.

5

போன சித்திரையில் அவளுக்கு விசா கிடைத்தது. நான் ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாத் தாளையும் அடுக்கி அனுப்பியிருந்தேன். என் அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வீட்டு முகவரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துண்டுத் தாள்: 'எனக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும்' என்று இங்கிலீஷில். அந்த உறையைக் கையில் வைத்திருக்கணும், கழுத்தில் மாட்டினாலும் சரி என்று இருபது தடவை சொன்னேன். ராஜபாளையத்தில் மில்லில் வேலை பார்க்கும் என் தம்பி சாமுவேல்தான் அவளை மதுரை விமான நிலையத்தில் கொண்டு விட்டான். அங்கே வரிசையில் நின்றபோது, கூட்டத்தைப் பார்த்து எவனாவது பிடுங்கிவிடுவான் என்று பயந்து, அம்மா அந்த உறையைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கயிறும் கட்டி, விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டாள். கையில் பாஸ்போர்ட்டும் ஒரு டப்பா பால்கோவாவும்தான்.

எனக்கு இது தெரியாது. நானும் ஷீபாவும் வருகை வாசலில் கம்பிக்குப் பக்கத்தில் நின்றோம். விமானம் இறங்கிவிட்டது என்று பலகை சொன்னது. அதில் வந்தவர்கள் வெளியே வந்தார்கள். மாலையோடு காத்திருந்த ஒரு குடும்பம் தங்கள் பெரியவரைக் கட்டிக்கொண்டு போனது. பிறகு அடுத்த விமானத்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது.

"ரிலாக்ஸ், மம்," என்றாள் ஷீபா, காதில் ஒயரோடு.

"அவளுக்கு ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது. எப்படி ரிலாக்ஸ்?"

"அவங்க யாரையும் தொலைக்க மாட்டாங்க."

தொலைப்பார்கள் என்று நான் பயப்படவில்லை. திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் பயந்தேன். எழுபத்து மூன்று வயது. முதல் விமானம். வந்த வழியே ஏற்றிவிட்டால், மதுரையில் இறங்கி, "எம் மவ மூஞ்சியைக்கூடப் பாக்கல" என்று சாமுவேலிடம் சொல்வாளே. கதவு திறக்கும்போதெல்லாம் குதிகாலை உயர்த்தினேன். வெளியே வருகிற எல்லாருக்கும் யாரோ ஒருவர் இருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து என் போன் அடித்தது. தெரியாத எண்.

6

ஒரு அதிகாரி பேசினார். மரியாதையான குரல். அம்மாவின் பெயரை மூன்றாக உடைத்து உச்சரித்து, நீங்கள் மகளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகவரி கேட்டார், சொன்னேன். எத்தனை நாள் தங்குவார் என்று கேட்டார், சொன்னேன்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

நான்கு வருடமாக ஷீபா சொல்லிக்கொடுத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பயந்தவன் வாயில் பழகின சொல்தானே வரும்?

"ஐ ஆம் அன் எஸ்கார்ட், சார்."

ஷீபா காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

அதிகாரி நிதானமாகச் சொன்னார். "போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தோம். உங்கள் அம்மாவும் அதையேதான் சொல்கிறார். மகள் எஸ்கார்ட், தன் கணவரும் எஸ்கார்ட், நல்ல குடும்பம் என்கிறார்."

"எஸ் சார். மை ஃபாதர் ஆல்சோ. போலீஸ். பிரிசனர்ஸ். நோ, நோ, நான் பிரிசனர்ஸ் இல்லை, சில்ரன்..." அதற்குமேல் இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

ஷீபா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசினாள். பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. கவுன்சில் நடத்துகிற பள்ளிப் பேருந்து, நடக்கவும் பேசவும் முடியாத பிள்ளைகள், தாத்தா ஊரில் போலீஸ். கடைசியில் சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஷீ ஹோல்ட்ஸ் தெயர் ஹேண்ட்ஸ். தட்ஸ் ஹெர் ஜாப்." ரெண்டு தெருவுக்கு முன்பே இறங்கிக்கொள்கிற பெண் அன்றைக்கு இப்படிச் சொன்னாள்.

மொழிபெயர்ப்பாளரை வைத்து அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும், காத்திருங்கள் என்று சொல்லி அதிகாரி வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் நாற்பது நிமிடம். ஷீபா என் முழங்கையை விடவில்லை. நானும் உதறவில்லை.

கதவு திறந்தது. சீருடை போட்ட ஒரு இளம்பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அம்மாவின் இன்னொரு கையில் பால்கோவா டப்பா. என்னைப் பார்த்ததும் அம்மா கேட்டாள்:

"எம்புட்டு நேரமா நிக்க? கால் வலிக்கலையா?"

நான் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தச் சீருடைப் பெண் உடனே போய்விடவில்லை. அம்மாவின் கை என் கைக்கு வந்துவிட்டதா என்று பார்த்தாள், என் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள், அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

"தங்கமான பிள்ளை," என்றாள் அம்மா. "வாசல் மட்டும் கூட்டிட்டு வந்துச்சு."

"உள்ள என்னம்மா கேட்டாங்க?"

"என்னமோ கேட்டாவ, சொன்னேன். போன்ல ஒரு சிலோன்காரத் தம்பி தமிழ் பேசினாரு. நல்ல மனுசன். வா போவோம், பசிக்கி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரில் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

7

ஆறு மாதம் இருந்தாள். காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருமுனைவரை என்னோடு வருவாள். பேரி அவளைப் பார்த்து ஹார்ன் அடிப்பார். ஒருநாள் மெகனின் பக்கத்துக் கண்ணாடியில் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள். மெகன் உள்ளிருந்து அந்த விரல்கள் இருந்த இடத்தைத் தொட்டாள். அம்மா அன்று முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் ஊருக்குப் போன பிறகு என் பழைய அட்டையைக் காணவில்லை. காலாவதியான அட்டை, மேசைக்குள் கிடந்தது. சாமுவேல் வீடியோவில் பேசியபோது பின்னால் அப்பாவின் படம் தெரிந்தது. அதே ஆணியில் அப்பாவின் விசில் கயிறு; விசிலுக்குப் பக்கத்தில் என் அட்டை. பெரிய எழுத்தில் எஸ்கார்ட். புருஷன் வேலையும் மகள் வேலையும் ஒன்று என்கிற பழைய பெருமைதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கவே சங்கடமாக இருந்தது. ஊரில் எல்லாரும் அதை வாசிப்பார்களே. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

8

நேற்று, செவ்வாய்க்கிழமை, அம்மாவுக்குப் போன் போட்டேன். ஷீபா பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆபீசுல பேரை மாத்திட்டாங்க. இனிமே நான் பாசஞ்சர் அசிஸ்டன்ட். சொல்லிப் பாரு."

"பாசஞ்சரா? செங்கோட்டைக்குப் போகுமே, அதா?"

"வெளையாடாதம்மா. நான்தான் ஆபீசர். கேக்கேன், பதில் சொல்லு. உங்க மகளுக்கு என்ன வேலை?"

"பாசஞ்சர் அஷ்டெண்டு."

"அசிஸ்டன்ட்."

"வாய்க்குள்ள நொழையலட்டி. பல்லு செட்டு கழண்டு வருது."

"சரி, எதையாவது சொல்லு. அந்தப் பழைய சொல்லை மட்டும் சொல்லாதேம்மா. ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

"அதை நான் ஏன் சொல்லப் போறேன்?"

"போன தடவை சொன்னியே."

"போன தடவை தெரியாது, சொன்னேன்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. இங்கிருந்த ஆறு மாதத்தில், அதற்குப் பிறகு பேசிய எத்தனையோ பேச்சில், அம்மா ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"என்னம்மா தெரியாது?"

"அந்த சிலோன்காரத் தம்பிதான் சொன்னாரே. 'அம்மா, கோவிக்காதேங்கோ, இஞ்ச அந்தச் சொல்லுக்கு வேற ஒரு கருத்தும் இருக்கு'ன்னு. சொல்லுததுக்குள்ள அவருக்கே வேத்துருச்சு போல. பாவம்."

"நீ என்ன சொன்ன?"

"எம் புருசன் ஒரு கையில விலங்கைப் பிடிச்சாரு, எம் மவ பிள்ளைக வெரலைப் பிடிக்கா, ரெண்டு பேரும் கொண்டு சேக்காம வீடு திரும்புனதில்ல, இதை அப்படியே அந்த ஆபீசர்கிட்ட சொல்லு தம்பின்னேன். பொறவு இங்கிலீஷ்ல சொன்னாரு. எனக்கு எங்க புரியுது? நீளமாத்தான் சொன்னாரு."

"ஏம்மா, இம்புட்டு நாளும் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்கிட்டச் சொன்னியா?"

ஷீபா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த அட்டையை ஏன் எடுத்துட்டுப் போன? படத்துக்குப் பக்கத்துல வேற மாட்டி வச்சிருக்க."

"பொறவு? அந்தச் சுந்தரபாண்டியத்தான் டேவிட்டு வந்து பல்லைக் காட்டினான்லா. ஏலே, படிச்சவன்தானே, முழுசாப் படிலேன்னு கையில குடுத்தேன். அதுல பஸ் படம் போட்டிருக்கு, சர்க்கார் முத்திரை இருக்கு, மஞ்சச் சட்டையில ஒன் மூஞ்சி இருக்கு. படிச்சுட்டுப் பேசாமக் காப்பியைக் குடிச்சுட்டுப் போனான். வாரவன் எவனா இருந்தாலும் படிக்கட்டும்னுதான் நடுவீட்டுல மாட்டினேன்."

மாட்டிவைத்தது பெருமைக்காக இல்லை. எனக்காக அவள் அங்கே தினமும் டூட்டி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆபீசுல அதைத் திருப்பிக் கேக்காங்கம்மா," என்றேன்.

"கொண்டு வாரேன். தொலையாம இருக்க கழுத்துலயே போட்டுட்டு வாரேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, வேண்டாம்மா! அதை மாட்டிக்கிட்டு ஆபீசர் முன்னால போய் நிக்காத. பெட்டிக்குள்ள வை."

"பெட்டிக்குள்ள வச்சுத்தானட்டி போன தடவை அம்புட்டு வம்பு?"

"கைப்பையில வை. அடியில வை. தாளு உறையை மட்டும் வெளிய வை."

"சரி, சரி. பாப்போம்."

பாப்போம் என்றால் அம்மாவின் அகராதியில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஷீபா எட்டி, போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள். "அம்மாச்சி, நானும் வாரேன். போன் வந்தா நான் பேசுதேன். அம்மாவைப் பேச விடமாட்டேன்." அவள் 'வாரேன்' என்றும் 'பேசுதேன்' என்றும் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கே பிடித்தாளோ.

"அப்படிச் சொல்லு எந் தங்கம்," என்றாள் அம்மா. பிறகு என்னிடம் பேசும்போது அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "எஸ்தரு. போன தடவை நின்ன அதே கம்பிக்கிட்ட நில்லு. அங்க இங்க நகந்துராத. ஒன் மூஞ்சியைப் பாத்தப் பொறவுதான் கூட வாரவுக கையை விடுவேன்."